கடைசியாகக் கை பட்ட இடம்

திருவிடந்தை,
ஞாயிறு இரவு.

அன்புத் தங்கச்சிக்கு,

வண்டி விஷயத்தைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் பாதிப் பேச்சில் உன் பள்ளிக்கூட மணி அடித்துவிடும். "சரிண்ணா, நீயே பாத்துக்க" என்று வைத்துவிடுவாய். நான் பார்த்துவிட்டேன், வண்டி இப்போது நேராக ஓடுகிறது. ஆனால் அதற்கு என்ன ஆகியிருந்தது, எப்படித் தெரிந்தது என்பது ஓட்டுகிறவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். படித்துவிட்டு, ஆர்.சி., இன்சூரன்ஸ் வைக்கிற உறையிலேயே இதையும் வைத்துக்கொள்.

முதலில் உன் மனக்குறையைத் தீர்த்துவிடுகிறேன். "எனக்குத்தான் ஓட்ட வரலையோ என்னவோ" என்று சொன்னாயே, அதை இனிமேல் நினைக்காதே. கிளட்ச் வேலைக்குப் பட்டறையில் விடும்வரை அதே செங்கல்பட்டு - திருப்போரூர் ரோட்டில், அதே நெம்மேலித் திருப்பத்தில் வந்து போனவள் நீ. வேலை முடிந்து எடுத்த அன்றே இடப்பக்கம் இழுக்கிறது என்று உன் கைக்குத் தெரிந்துவிட்டது. ஸ்டியரிங்கை நாள்தோறும் பிடிக்கிற கைக்குத் தெரிவது, ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கிற மெக்கானிக்கின் கைக்குத் தெரியாமல் போகலாம். உன் சொல்லைத்தான் அவர் நம்பியிருக்க வேண்டும்.

உன்னிடம் சொல்லப்பட்ட சமாதானங்கள் எனக்குப் புதிதில்லை. "புது பார்ட்ஸ்மா, ஓட ஓட செட்டாயிடும்." புது ஸ்பிரிங் போட்டால் கொஞ்சம் அமரும், அது உண்மை. ஆனால் உன் வண்டியில் ஸ்பிரிங்கே மாற்றவில்லை. நேராகப் போன வண்டி வேலைக்குப் பிறகு கோணலாகப் போனால், அது ஓடி ஓடி நேராகாது; டயர்தான் ஓடி ஓடித் தேயும்.

அடுத்தது, "நம்ம ரோடே அப்படித்தான்." இதில் பாதி நியாயம் இருக்கிறது. மழைத் தண்ணீர் வழியட்டும் என்று ரோட்டை ஓரம் பார்த்துச் சரித்துத்தான் போடுவார்கள். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள், அதனால் எந்த நல்ல வண்டியும் கையைத் தளர்த்தினால் மெல்ல இடப்பக்கம் ஒதுங்கும். எவ்வளவு ஒதுங்கலாம் என்பதுதான் கேள்வி. அதற்கு நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். நேராக ஓடும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்த வண்டியை எடுத்து, அதே ரோட்டில், அதே வரிசையில், அதே வேகத்தில் ஓட்டிப் பார்ப்பேன். 2018 ஏப்ரலில் ராணுவத் தளவாடக் கண்காட்சி நடந்ததே, அந்தத் திடலை ஒட்டி ஈ.சி.ஆர். நீளமாக நேராகப் போகிறதல்லவா, விடியற்காலையில் அங்கேதான். அந்த வண்டி மெல்ல ஒதுங்கியது. உன்னுடையது கையைத் தளர்த்தியதும் ஓரக்கோட்டுக்குப் பாய்ந்தது. ரோட்டின் பங்கு எவ்வளவு, வண்டியின் பங்கு எவ்வளவு என்று அதிலேயே பிரிந்துவிட்டது. (கையைத் தளர்த்துவது என்றால் விரல்கள் ஸ்டியரிங்கை விட்டு அகலவே கூடாது. ஆள் நடமாட்டம் உள்ள ரோட்டில் நீ இதைச் செய்து பார்க்காதே.)

மூன்றாவது சமாதானம் அலைன்மென்ட் தாள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், விஷயமே அதில்தான் இருந்தது.

வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியதும் நான் சாவியைக் கேட்கவில்லை, பில்லைக் கேட்டேன். நினைவிருக்கும். வண்டி தானாகத் தேய்ந்து கெட்டிருந்தால் எங்கே வேண்டுமானாலும் தேடலாம். வேலை செய்துவந்த கையோடு கெட்டிருந்தால், கடைசியாகக் கை பட்ட இடத்தில்தான் தேடத் தொடங்க வேண்டும். உன் பில்லில் இருந்தது: கிளட்ச் செட், அதற்காக சப்ஃப்ரேம் இறக்கி ஏற்றிய கூலி, இரண்டு பக்க லோயர் ஆர்ம், இடது ஸ்டெபிலைசர் லிங்க், வீல் அலைன்மென்ட். சப்ஃப்ரேம் என்பது என்ஜினுக்குக் கீழே குறுக்கே இருக்கும் கனமான இரும்புச் சட்டம். சக்கரங்களின் அடியைப் பிடித்திருக்கும் இரண்டு லோயர் ஆர்மும் அதில்தான் பூட்டியிருக்கும், ஸ்டியரிங் ரேக்கும் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கும். அந்த வரியைப் படித்ததுமே எனக்குச் சந்தேகம் அங்கே போய்விட்டது. ஆனாலும் சந்தேகத்தை நம்பி உடனே ஸ்பேனரை எடுக்கக் கூடாது. காசு செலவில்லாத சோதனைகளை முதலில் முடித்துவிட வேண்டும்.

டயர் காற்று. நாலிலும் சரியாகத்தான் இருந்தது. முன் டயர் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் போட்டேன். டயரின் உள் பெல்ட்டு கோணலாக அமைந்திருந்தால் வண்டி இழுக்கும். அப்படியானால் டயரை மாற்றியதும் இழுப்பும் மறுபக்கம் போய்விடும். போகவில்லை, இடப்பக்கமே இழுத்தது. டயர் மேல் குற்றமில்லை. பிறகு அதிகம் பிரேக் மிதிக்காமல் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, இறங்கி முன் சக்கரங்கள் பக்கத்தில் கை வைத்துப் பார்த்தேன். பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால் அந்தப் பக்கம் சூடு தனியாக அடிக்கும். இரண்டும் ஒன்றுபோல இருந்தன. "பிரேக் போடும்போது இழுப்பு கூடுதா?" என்று உன்னைக் கேட்டேனே, நீ "இல்ல, ஒரே மாதிரிதான்" என்றாய். கூடியிருந்தால் நான் பிரேக் காலிப்பர், ஹோஸ், லோயர் ஆர்மின் பின்புஷ் என்று வேறு வழியில் போயிருப்பேன். ஒரே ஒரு கேள்விக்கு நீ சொன்ன பதில் எனக்கு அரை நாள் வேலையை மிச்சப்படுத்தியது.

இன்னொன்றும் பார்த்தேன். இடது திருப்பம் முடிந்து வந்தபின் இடப்பக்கமும், வலது திருப்பம் முடிந்து வந்தபின் வலப்பக்கமும் இழுத்தால் நோய் வேறு. ஸ்ட்ரட்டின் தலையில் இருக்கும் பேரிங்கோ ஒரு பால் ஜாயிண்ட்டோ இறுகிப்போய், ஸ்டியரிங்கைத் திரும்பவிடாமல் பிடித்துவைத்திருக்கும். பையனை உட்கார வைத்து ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்லிவிட்டு, காயில் ஸ்பிரிங் மேல் கையை வைத்துப் பார்த்தால் போதும். பேரிங் இறுகியிருந்தால் ஸ்பிரிங் முறுக்கேறி, 'டங்' என்று துள்ளி விடுபடும். உன் வண்டியில் இரண்டு பக்கமும் வழுவழுப்பாகத் திரும்பின.

சப்ஃப்ரேமை இறக்கும்போது ஸ்டியரிங் தண்டை ரேக்கிலிருந்து பிரித்திருப்பார்கள். திரும்பப் பூட்டும்போது ஒரு பல் தள்ளிப் பூட்டிவிட்டால் ஸ்டியரிங் கோணிக்கொள்ளும். பிரிந்திருக்கும் நேரத்தில் மேலே ஸ்டியரிங்கை யாராவது சுற்றிவிட்டால், ஏர்பேக்குக்கும் ஹாரனுக்கும் போகும் சுருள் ஒயர் அறுந்துவிடும். நடுவிலிருந்து இடக் கோடிக்கும் வலக் கோடிக்கும் எத்தனை சுற்று என்று எண்ணினேன், சமம். ஹாரன் அடித்தது, ஏர்பேக் விளக்கு அணைந்தது. அங்கேயும் தப்பில்லை.

இப்போது அந்தத் தாள். டோ இரண்டு பக்கமும் பச்சை. அதைக் காட்டித்தான் "எல்லாம் ஓகே" என்றிருக்கிறார்கள். டோ என்பது மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் மூக்கு உள்ளே பார்க்கிறதா வெளியே பார்க்கிறதா என்பது. ஸ்டியரிங் ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடைத் திருகி அதைப் பச்சைக்குக் கொண்டுவந்துவிடலாம். ஆனால் டோ தப்பாக இருந்தால் டயர் தேயும், ஸ்டியரிங் கோணும். வண்டி ஒரு பக்கமாக விடாமல் இழுப்பதற்கு அது காரணமாவது அபூர்வம். அதற்குக் கேம்பரையும் கேஸ்டரையும் (பக்கவாட்டில் பார்த்தால் ஸ்டியரிங் அச்சின் முன்பின் சாய்வு) பார்க்க வேண்டும். கேம்பர் என்பது முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் செங்குத்தாக நிற்காமல் சாய்ந்து நிற்கும் அளவு. தாளில் கேம்பர் இரண்டு பக்கமும் சிவப்பு. "இந்த வண்டில கேம்பர் அட்ஜஸ்ட்மென்ட் கிடையாதுமா" என்று சொல்லி விட்டுவிட்டார்கள். திருகிச் சரிசெய்ய இடம் கிடையாது என்பது சரிதான். இடமில்லாத ஒன்று எப்படி மாறியது என்றல்லவா அங்கே கேட்டிருக்க வேண்டும்?

அந்தச் சிவப்பை எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன், கேள். இடது சக்கரத்தின் தலை வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது. வலது சக்கரத்தின் தலை, ஏறக்குறைய அதே அளவு, உள்பக்கம் சாய்ந்திருந்தது. ஒரு ஆர்ம் வளைந்திருந்தால், ஒரு ஸ்ட்ரட் கோணியிருந்தால், ஒரு பக்கம்தான் கெடும். இரண்டு பக்கமும் ஒரே அளவு, ஆனால் எதிரெதிராக மாறியிருந்தால், இரண்டையும் சேர்த்துத் தாங்குகிற ஒன்றுதான் நகர்ந்திருக்க வேண்டும். சப்ஃப்ரேம் வலப்பக்கம் நகர்ந்தால் என்ன ஆகும்? இடது சக்கரத்தின் அடி உள்ளே இழுபடும், தலை வெளியே சாயும். வலது சக்கரத்தின் அடி வெளியே தள்ளப்படும், தலை உள்ளே சாயும். தலை வெளியே சாய்ந்த பக்கத்துக்குத்தான் வண்டி இழுக்கும். உன் வண்டி இடப்பக்கம் இழுத்தது. தாள், ஸ்டியரிங், பில் மூன்றும் ஒரே இடத்தைக் காட்டின. இந்த வேலையில் எனக்கு மனம் நிறைகிற நேரம் அதுதான்.

வண்டியைத் தூக்கிக் கீழே போய் டார்ச் அடித்தேன். சப்ஃப்ரேம் போல்ட்டின் தலை பல வருடமாக அழுந்தியிருந்த இடத்தில், துருவும் மண்ணும் ஏறாத பளபள வளையம் இருக்கும். இப்போதைய போல்ட்டுத் தலை அந்த வளையத்தின் மேல் உட்காரவில்லை, ஒரு பக்கம் பிறைபோலப் பளபளப்பு தெரிந்தது. போல்ட் துளை போல்ட்டை விடக் கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும், ஏற்றிப் பூட்ட வசதிக்காக. நடு பிடிக்கத் துளைகளில் பின் செருகி, அளவு பார்த்து, அப்புறம்தான் இறுக்க வேண்டும். கிடைத்த இடத்தில் போல்ட்டைப் போட்டு இறுக்கிவிட்டார்கள். சில மில்லிமீட்டர்தான். சக்கரத்தின் சாய்வுக்கு அது போதும்.

போல்ட்டுகளைத் தளர்த்தி, சட்டத்தைப் பழைய வளையத்துக்கே நகர்த்தி, பின் செருகி நடு பிடித்து, புதுப் போல்ட் போட்டு டார்க் ரெஞ்சால் இறுக்கினேன். பிறகு மிஷினில் ஏற்றியபோது கேம்பர் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டது. நான் கேம்பரைத் தொடவே இல்லை.

ஆனால் அதற்கு முன்பே ஒன்றைச் சரிசெய்தேன். இடது முன்பக்கம் வலப்பக்கத்தை விட ஒரு விரல்கட்டை உயரமாக நின்றது. சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து பார்த்தால் தெரியும். நீயே வீட்டில் டேப்பை வைத்து அளக்கலாம். காரணம் லோயர் ஆர்ம் புஷ். அது இரும்புக் குழாய்க்குள் ஒட்டிய ரப்பர். ஆர்ம் மேலும் கீழும் அசையும்போது அந்த ரப்பர் சுழலாது, முறுக்கிக்கொண்டு திரும்பும். அதனால் வண்டி தன் எடையில் தரையில் நிற்கும்போதுதான் அந்தப் போல்ட்டைக் கடைசியாக இறுக்க வேண்டும். ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், தொங்குகிற நிலையையே ரப்பர் தன் நிலையாகப் பிடித்துக்கொள்ளும். கீழே இறக்கியதும் எந்நேரமும் முறுக்கேறியபடியே நிற்கும். வண்டி அந்தப் பக்கம் தூக்கி நிற்கும், குதிக்கும், புதுப் புஷ் சில மாதத்தில் கிழியும். "போன வருஷம்தான் மாத்தினேன், அதுக்குள்ள போச்சு, கம்பெனி சரியில்ல" என்று எத்தனை பேர் வந்து சொல்கிறார்கள் தெரியுமா? பல தடவை பார்ட் நல்ல பார்ட்தான், இறுக்கிய நிலைதான் தப்பு. தரையில் நிற்கவைத்து அந்த நட்டைத் தளர்த்தினேன். 'டக்' என்று ஒரு சத்தம், வண்டி கீழே அமர்ந்தது.

நேராக ஓடும்போதும் ஸ்டியரிங் வலப்பக்கம் சாய்ந்து நின்றதே, அதற்குக் காரணம் இரண்டு. இழுப்பை எதிர்த்து நீ வலப்பக்கம் பிடித்துக்கொண்டே ஓட்டினாய், அது ஒன்று. இன்னொன்று, டோவைப் பச்சைக்குக் கொண்டுவர ஒரு பக்க டை ராடை மட்டும் திருகியிருந்தார்கள். இரண்டு ராடிலும் தெரிந்த மரை சமமாக இல்லை. இரண்டையும் சமமாக்கி, ஸ்டியரிங்கை நேராகப் பூட்டுக் கம்பியால் நிறுத்திவைத்து, மறுபடி டோ பார்த்தேன். மிஷினில் ஏற்றும் முன்னே என் பட்டறையில் நூல் கட்டி ஒரு தடவை பார்த்துக்கொள்வேன். கோவளம் மீனவர்கள் வலைக்கு வைத்திருக்கும் நைலான் நூல்தான், வண்டியின் இரு பக்கமும் இணையாக இழுத்துக் கட்டி, ரிம்மின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் ஸ்கேல் வைத்து அளந்தால் டோ தெரிந்துவிடும். மிஷின் சொல்வதும் நூல் சொல்வதும் ஒத்துப்போக வேண்டும். கடைசியாக ஸ்கேனரை மாட்டி, நேர்நிலை எது என்று ஸ்டியரிங் ஆங்கிள் சென்சாருக்குச் சொல்லிக்கொடுத்தேன். அதை விட்டுவிட்டால், நீ நேராகப் போகும்போதும் கம்ப்யூட்டர் நீ திரும்புவதாக நினைத்துக்கொண்டிருக்கும்.

நீ சொன்னதில் ஒன்று என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. "ஹைவேல கொஞ்ச நேரம் ஓட்டினா இழுப்பு குறையுதுண்ணா, ஊருக்குள்ள வந்தா மறுபடி இழுக்குது." பட்டறைக்காரருக்கு அது 'செட்டாகிறது' என்பதற்குச் சாட்சி ஆகிவிட்டது. ஆனால் உன் ஃபோர்டு எக்கோஸ்போர்ட்டில் பவர் ஸ்டியரிங்குக்கு எண்ணெய் கிடையாது, மின்மோட்டார். ரோட்டுச் சரிவால் ஓட்டுநர் ஒரே பக்கம் விடாமல் பிடித்துக்கொண்டே போனால், அதை உணர்ந்து மோட்டாரே அந்தப் பக்கம் கொஞ்சம் தாங்கிக்கொடுக்கும் வசதியை அதில் வைத்திருக்கிறார்கள். நல்ல வசதிதான், நெடுந்தூரம் ஓட்டினால் கை வலிக்காது. ஆனால் உன் விஷயத்தில் அது நோயை மறைத்தது. கைக்கு இழுப்பு குறைந்தது, சக்கரம் சாய்ந்தபடியேதான் ஓடியது. இடது டயரின் வெளி விளிம்பும் வலது டயரின் உள் விளிம்பும் இந்தக் கொஞ்ச நாளிலேயே சொரசொரப்பு ஏறியிருக்கின்றன, தடவிப் பார். இந்தக் காலத்து வண்டியில் கை சொல்வதை மட்டும் நம்பாமல், டயரையும் தடவிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சத்தம் பற்றியும் நீ அருமையாகச் சொன்னாய். "முழு ஸ்பீடு பிரேக்கர்ல சத்தமே இல்ல, ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்துல இறங்கினா டக்குனு கேக்குது." முன் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் பார், இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கும்போது சும்மா இருக்கும், ஒன்று ஏறி ஒன்று இறங்கினால்தான் அதற்கு வேலை. அப்போது மட்டும் தட்டினால் லிங்க்கைப் பார்க்க வேண்டும். புது இடது லிங்க்கின் மேல் நட்டு முழுதாக இறுகவில்லை. உன் வாக்கியத்தைக் கேட்டுவிட்டு நேராக அங்கேதான் ஸ்பேனரை வைத்தேன்.

இழுப்பதோடு போனால் நல்ல காலம். முன்பக்க வேலைக்குப் பிறகு சில அறிகுறிகள் தெரிந்தால் அன்றைக்கு வண்டியை எடுக்கவே கூடாது: ஸ்டியரிங்கைத் திருப்பும்போது புதிதாக 'லொடக்' என்று கேட்பது, குறிப்பிட்ட வேகத்தில் சக்கரம் உதறுவது, ஸ்டியரிங் விளக்கு எரிந்து கை கனப்பது, திருப்பினால் ஒரு கணம் தாமதித்துத் திரும்புவது. பால் ஜாயிண்ட்டைக் கவ்விப் பிடிக்கும் போல்ட் அதன் காடியில் சரியாக உட்காராமல் போனாலோ, டை ராட் லாக் நட்டை இறுக்க மறந்தாலோ, சக்கரத்துக்கும் ஸ்டியரிங்குக்கும் உறவே அறுந்துவிடும். அதில் மாத்திரம் "பாத்துக்கலாம்" என்ற பேச்சுக்கு இடமில்லை.

தயாரிக்கிற இடத்திலேயே இந்தப் பாகங்கள் விஷயத்தில் எவ்வளவு பயப்படுகிறார்கள் என்று பார். 2018-ல் ஃபோர்டு, 2017 மே, ஜூன் மாதங்களில் செய்த 4,379 எக்கோஸ்போர்ட்டுகளை, முன் லோயர் ஆர்மின் வெல்டிங்கைச் சோதிக்கத் திரும்ப அழைத்தது. எல்லாம் உன் வீட்டுக்குப் பக்கத்து மறைமலைநகரில் செய்த வண்டிகள். (உன்னுடையது 2015, அதில் வராது.) 2023 ஜூலையில் மாருதி 87,599 எஸ்-பிரெஸ்ஸோ, ஈகோ வண்டிகளை டை ராடுக்காக அழைத்தது. மறு வருடம் ஆகஸ்ட்டில் ஆல்டோ கே10 வண்டிகள் 2,555-ஐ ஸ்டியரிங் கியர் பாக்ஸுக்காக அழைத்து, பாகம் மாற்றும்வரை ஓட்டவே வேண்டாம் என்றது. இப்படி எதுவும் இருக்கிறதா என்று சேஸி நம்பரைச் சொல்லிக் கம்பெனி சர்வீஸில் கேட்டால் சொல்வார்கள். மாப்பிள்ளையின் அண்ணன் ஈகோ வைத்திருக்கிறாரே, மறக்காமல் பார்க்கச் சொல்.

ஃபோர்டு 2021 செப்டம்பரில் இங்கே கார் செய்வதை நிறுத்துவதாக அறிவித்து, 2022-ல் மறைமலைநகரில் கடைசி வண்டியை இறக்கிய பிறகு, பார்ட்ஸ் கிடைக்காது என்ற பயத்தில் பலர் புதுப்பேட்டைப் பழைய பார்ட்ஸ் கடைகளுக்கு ஓடுகிறார்கள். கதவு, கண்ணாடி, விளக்கு, சீட்டு அங்கே வாங்கலாம், நானே அனுப்புவேன். ஆனால் லோயர் ஆர்ம், டை ராட், ஸ்டியரிங் ரேக், நக்கிள் இவற்றைப் பழையதாக வாங்கவே வாங்காதே. அங்கே உடைத்து விற்கும் வண்டிகளில் பல மோதிய வண்டிகள். மோதலில் வளைந்த ஆர்ம் கண்ணுக்கு நேராகத்தான் தெரியும், மயிரிழை விரிசல் கையில் பிடித்தாலும் தெரியாது. கம்பெனி பாகம் இன்னமும் கிடைக்கிறது. சில நாள் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நம் கரையோரத்துக்கு என்று ஒரு கேடு தனியாக உண்டு. இந்த உப்புக் காற்றில் போல்ட் புஷ்ஷின் இரும்புக் குழாயோடு துருவால் ஒட்டிக்கொள்கிறது, டை ராட் லாக் நட்டு கல்லாகிவிடுகிறது. அவசரக்காரர்கள் கேஸ் வைத்துச் சூடேற்றிக் கழற்றுவார்கள். பக்கத்தில் ரப்பர் இருந்தால் வெந்துவிடும், பால் ஜாயிண்ட் இருந்தால் அதன் கிரீஸ் உருகி ஓடிவிடும். வேலை முடிந்து வெளியே வரும்போது எல்லாம் நன்றாகத்தான் தெரியும். அப்பாவின் அம்பாசடரில் முன்பக்க மூட்டுகளில் கிரீஸ் நிப்பிள் இருந்தது. மாதம் ஒரு தடவை கிரீஸ் கன்னை வைத்து அழுத்திப் பழைய கிரீஸை வெளியே தள்ளிவிடுவார். இன்றைய மூட்டுகள் மூடி முத்திரை வைத்தவை. அந்த ரப்பர் உறை கிழிந்தாலோ வெந்தாலோ, அந்த மூட்டையே மாற்ற வேண்டியதுதான். நீ மாதம் ஒருமுறை நம் வீட்டுக்கு வந்து போனாலும், ஊருக்குப் போய் வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் பீய்ச்சிக் கழுவச் சொல்.

நம்மூர் நித்யகல்யாணப் பெருமாளைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள், உனக்குத் தெரியாததல்ல. கல்யாணம் கூடிவர மாலை வாங்கிப் பிரார்த்தனைக்கு வருகிறவர்கள், கல்யாணம் முடிந்து பழைய மாலையோடு ஜோடியாக வருகிறவர்கள். தூரப் பயணமாயிற்றே என்று முந்தின நாள் பட்டறையில் விட்டு ஆர்ம், லிங்க், பிரேக் எல்லாம் மாற்றிவிட்டுக் கிளம்புகிறார்கள். அந்த வண்டிகள்தான் அதிகம் என் பட்டறை வாசலில் வந்து நிற்கின்றன, மணப்பெண் பட்டுப்புடவையோடு வெயிலில் நிற்க. நல்ல எண்ணத்தில் செய்வதுதான், ஆனால் நாள் தப்பு. சஸ்பென்ஷன் வேலை செய்தால், ஊருக்குள்ளேயே ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் நெடும்பயணம் போக வேண்டும். பாப்பாவை மதுரைக்கு அழைத்துப்போவதாகச் சொன்னாயே, அதற்கும் இதுதான்.

இனி எந்தப் பட்டறைக்குப் போனாலும் பாகத்தின் பெயரைச் சொல்லாதே. "லோயர் ஆர்ம் போயிடுச்சு போல" என்று நீ சொன்னால், அதை மாற்றிப் பில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். நடப்பதைச் சொல்: எந்த வேகத்தில், எந்த ரோட்டில், பிரேக்கிலா, திருப்பத்திலா, ஒரு சக்கரம் இறங்கும்போதா. என்னிடம் சொன்னாயே, அப்படி. கழற்றிய பழைய பாகங்களை டிக்கியில் வைத்துத் தரச் சொல். புஷ் போல்ட்டைத் தரையில் நிறுத்தி இறுக்கினீர்களா என்று கேள். கேட்கிறவள் இருக்கிறாள் என்று தெரிந்தாலே வேலை ஒரு படி கவனமாக நடக்கும். அலைன்மென்ட் பண்ணினால் 'முன்பு', 'பின்பு' இரண்டு அளவும் உள்ள தாளை வாங்கிக்கொள். 'முன்பு' தாளை யாரும் தரமாட்டார்கள், நீதான் கேட்க வேண்டும். உன் வண்டியில் உண்மையைச் சொன்னது அந்தச் சிவப்பு எண்கள்தான்.

அந்தப் பட்டறைக்காரர் மேல் கோபம் வேண்டாம். கிளட்ச் வேலை சுத்தமாகச் செய்திருக்கிறார். ஆனால் என்ன தப்பு நடந்தது என்று அவரிடம் சொல்லிவிடு. அலைன்மென்ட் தாள்களின் நகலைக் கொடு. அடுத்த வண்டிக்காவது சப்ஃப்ரேம் ஏற்றும்போது பின் செருகுவார்.

சனிக்கிழமை காலையில் வா. வரும்போது பழைய பில், அலைன்மென்ட் தாள் இரண்டையும் எடுத்துவா, ஒரு நகல் நானும் வைத்துக்கொள்கிறேன். திடல் ரோட்டில் நீயே ஓட்டிப் பார், நான் பக்கத்தில் உட்காருகிறேன். உன் கைக்குத் திருப்தி என்றால்தான் வண்டியைத் தருவேன். எடுத்துப் போய் நூறு கிலோமீட்டருக்குள் வீல் நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்க்கச் சொல். ஐந்நூறு ஓடியதும் இங்கே கொண்டுவா, சப்ஃப்ரேம் போல்ட்டுகளையும் லிங்க் நட்டையும் நான் பார்த்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அண்ணன்